‘ஆமென்’ சொல்லி முடிந்த ஓட்டெடுப்பு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பாப்டிஸ்ட் சபையில் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவச் சபைகளில் ஒரு வகை) பாஸ்டர், அதாவது போதகர், சொல்வதுதான் சட்டமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘இல்லை, சபை சொல்வதுதான்’ என்று இரண்டே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களில் மற்ற கேள்விகளெல்லாம் பின்னால் தள்ளிப் போய்விட்டன. ஆகவே இந்த முறை முழுக்க இதுதான். பெயர்களையும், யார் என்று கண்டுபிடிக்க உதவும் விவரங்களையும் எடுத்துவிட்டேன். ஒரு போதகர் என்னைத் திட்டி எழுதிய கடிதமும் இருக்கிறது, அதையும் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சின்ன வயதிலிருந்து ஒரே பாப்டிஸ்ட் சபையில் இருக்கிறேன். இப்போதைய பாஸ்டர் வந்த புதிதில் அவ்வளவு அன்பாக இருந்தார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்க எங்களோடு உட்கார்ந்திருந்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, வேலை மாறுவது, வீடு மாறுவது, யாரோடு பழகுவது எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. ‘ஜெபித்துச் சொல்கிறேன்’ என்பார், அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். தனியாக அவரிடம் அழுதுகொண்டே சொன்ன ஒரு விஷயம் ஞாயிறு செய்தியில் பெயரில்லாமல் உதாரணமாக வந்தது. யாரென்று சபைக்கே தெரிந்தது. ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், ‘உனக்குள் கசப்பு இருக்கிறது, அதை முதலில் சரி செய்’ என்கிறார். சபை வாசலை மிதிக்கும்போதே வயிறு கலங்குகிறது. ஆனால் அப்பாவுக்காக அவர் விழித்திருந்த அந்த ராத்திரியை நினைத்தால் நான்தான் நன்றி கெட்டவளோ என்று தோன்றுகிறது. இதில் எது அவருடைய நிஜமான முகம்?

பதில்: இரண்டும்தான். ஆஸ்பத்திரியில் விழித்திருந்தது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டால் உங்களுக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் அது உண்மையாக இருக்காது. கட்டுப்படுத்துகிற போதகர்களில் பெரும்பாலானவர்கள் முழுக்க முழுக்க மோசக்காரர்கள் இல்லை, கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஓடி வந்து நிற்பவர்கள்தான். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. உதவி வாங்கியவர் அடுத்த தடவை ஒரு ஆலோசனை கேட்கிறார், ஆலோசனை நன்றாகவே அமைகிறது, அதற்கடுத்த தடவை கேட்காமல் செய்தால் தப்போ என்று ஒரு பயம் வருகிறது, அந்தப் பயம் வந்திருப்பதை அவரும் கவனிக்கிறார், கவனித்தபின் அதை விட்டுவிட அவருக்கு மனசு வருவதில்லை. யாரும் ஒருநாள் உட்கார்ந்து திட்டம் போட்டு இதைச் செய்வதில்லை என்பதால்தான், நடுவில் எந்த இடத்தில் ‘இது சரியில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களால் இப்போதும் சொல்ல முடியவில்லை.

நன்றி நன்றிதான். அதற்காக உங்கள் வேலையையும் வீட்டையும் நட்பையும் அவரிடம் அடகு வைக்க வேண்டியதில்லை.

உங்கள் ரகசியம் பிரசங்க பீடத்தில் ஏறியதைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன்: அது தப்பு. ‘பெயர் சொல்லவில்லையே’ என்பது நூறு பேர் உள்ள சபையில் ஒரு சாக்குக்கூட இல்லை. நீங்கள் கேட்டது அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றி, அவர் பேசியதோ உங்கள் மனநிலையைப் பற்றி. இந்தத் திருப்பத்தை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள், இனிமேல் பலமுறை வரும்.

இப்போதைக்கு மூன்று காரியம் செய்யலாம். சொந்த விஷயங்களை அவரிடம் சொல்வதை நிறுத்துங்கள், சண்டை போட்டு அறிவிக்க வேண்டாம், சும்மா சொல்லாமல் இருங்கள். அடுத்த முடிவை நீங்களே எடுத்து, எடுத்து முடித்தபின் தெரியப்படுத்துங்கள்: ‘ஐயா, வேலை மாறிவிட்டேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்.’ அப்புறம், என்ன நடந்தது, யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள், ஏனென்றால் கொஞ்ச நாளில் ‘அப்படி நான் சொல்லவே இல்லையே’ என்று அவர் சொல்லும்போது உங்கள் ஞாபகத்தின் மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். நல்ல மனிதர் ஒரு கெட்ட பழக்கத்தில் விழுந்திருக்கிறார் என்றால் அவர் முகம் கொஞ்ச நாள் சுருங்கியிருக்கும், பிறகு சரியாகிவிடும். அடுத்த ஞாயிறே கீழ்ப்படியாமையைப் பற்றிச் செய்தி வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: நான் ஒரு டீக்கன் (சபை நிர்வாகத்தில் உதவ நியமிக்கப்படுபவர்), அதாவது பெயருக்கு. எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை ஸ்கிரீனில் ஒரு நிமிடம் காட்டினார்கள். ‘ஊழியச் செலவு’ என்று ஒரே வரி, அதில்தான் பாதிக்கு மேல். அச்சடித்த தாள் கேட்டவர்களிடம் கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புது டீக்கன்களின் பெயரைப் பாஸ்டரே வாசித்து, ‘சம்மதமானவர்கள் ஆமென் சொல்லுங்கள்’ என்றார். எல்லோரும் சொன்னோம், எதிர்ப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு தனியாகப் பேசியபோது, ‘சபை ஜனநாயகம் இல்லை, தேவராஜ்யம்’ என்றார். பாப்டிஸ்ட் முறைப்படி அதிகாரம் யாருக்குத்தான்?

பதில்: உங்கள் கடிதத்தில் ‘எதிர்ப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை’ என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். ஆமென் என்பது ஜெபத்துக்குச் சொல்வது. ஜெபத்தின் முடிவில் எழுந்து ‘இல்லை’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதைத் தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம், இது உங்களுக்குக் கைகொடுக்கும். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில், இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த ஒரு சின்னக் கூட்டம்தான் முதல் பாப்டிஸ்ட் சபை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் போதகர் ஜான் ஸ்மித். விசுவாசித்தவர்களுக்குத்தான் ஞானஸ்நானம் என்ற முடிவுக்கு வந்து, தனக்குத்தானே கொடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் கொடுத்தவர். கொஞ்ச காலத்திலேயே தான் செய்தது சரியா என்று அவருக்குச் சந்தேகம் வந்து மென்னோனைட்டுகள் என்ற இன்னொரு கிறிஸ்தவக் குழுவோடு சேரப் புறப்பட்டார். சபையில் பலர் அவர் பின்னால் போனார்கள். போகாதவர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஹெல்விஸ், சட்டம் படித்தவர், குருவானவர் பட்டம் எதுவும் பெறாதவர். அந்தச் சிறு கூட்டம் என்ன செய்தது தெரியுமா? தங்கள் போதகரையே சபையிலிருந்து விலக்கியது. பாப்டிஸ்ட் வரலாறு தொடங்குகிற இடத்திலேயே, உட்கார்ந்து கேட்கிறவர்கள் எழுந்து போதகருக்கு ‘இல்லை’ சொன்ன கதை இருக்கிறது. இதை யாரும் ஆண்டு விழாவில் சொல்வதில்லை.

1611-ல் ஹெல்விஸ் குழு வெளியிட்ட விசுவாச அறிக்கை, சபையை மேய்க்கும் மூப்பர்களையும் டீக்கன்களையும் அந்தந்தச் சபையே தேர்ந்தெடுத்து ஒப்புதல் தர வேண்டும் என்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் உண்டு: ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள முடியாத அளவுக்குச் சபை பெருத்துவிடக் கூடாதாம். 1689-ஆம் ஆண்டு லண்டன் விசுவாச அறிக்கையும், சபையின் பொதுவான வாக்கினாலேயே மூப்பர் தெரிந்துகொள்ளப்பட வேண்டும் என்கிறது. அதை எழுதியவர்கள் தேவராஜ்யத்தை நம்பாதவர்களா? கிறிஸ்துவே சபைக்குத் தலை என்று உங்கள் பாஸ்டரைவிட உறுதியாக நம்பியவர்கள். தலை கிறிஸ்து என்பதால்தான் நடுவில் ஒரு மனிதன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று, விசுவாசிகள் எல்லோரும் சேர்ந்து ஜெபித்து, பேசி, முடிவெடுக்கும்படி வைத்தார்கள். ‘தேவராஜ்யம்’ என்று சொல்லிவிட்டு முடிவை ஒரே ஆள் எடுத்தால் அந்த ராஜ்யத்தில் ராஜா யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. பிஷப் கிடையாது, ஒவ்வொரு சபையும் சுயாதீனம் என்பதில் பெருமைப்படுகிறோம். ஆனால் உள்ளே கெட்டுப்போனால் மேலே புகார் கொடுக்க யாரும் இல்லை என்பதும் அதற்குள்ளேயே வருகிறது. பல சபைகள் சேர்ந்த சங்கத்துக்கு எழுதலாம், அவர்கள் அதிகபட்சம் அந்தச் சபையைச் சங்கத்திலிருந்து நீக்குவார்கள், பாஸ்டரை நீக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய பாப்டிஸ்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனில், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் வருடக்கணக்கில் கதவைத் தட்டியபோது ‘சபைகள் சுயாதீனமானவை, நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்றே பதில் வந்தது. 2022 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கையில்தான், குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களின் பட்டியல் ஒன்றை அதே தலைமை அலுவலகத்தில் உள்ளுக்குள் வைத்திருந்தது வெளியே வந்தது. (அந்த மாதிரிக் குற்றம் என்றால் சபைக்கூட்டம், சங்கம் எதுவும் வேண்டாம், நேராகப் போலீஸ்தான்.)

ஆக, உங்கள் மாதிரி சபையில் பாஸ்டருக்கு மேலே தடுப்பு கிடையாது, பக்கத்தில்தான் தடுப்பு. அந்தத் தடுப்பு நீங்கள், அங்கத்தினர்கள். முதலில் உங்கள் சபையின் விதிமுறைப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். எங்கோ ஒரு அலமாரியில் இருக்கும், எழுதியவர்கள் உங்கள் தாத்தா காலத்து ஆட்களாக இருக்கலாம். எத்தனை பேர் கையெழுத்திட்டால் கூட்டம் கூட்டலாம், கணக்கு யார் தணிக்கை செய்ய வேண்டும், ரகசிய வாக்கு கேட்க உரிமை உண்டா என்று பாருங்கள். பிறகு அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எழுத்தில் கேளுங்கள்: கணக்கின் நகல் வேண்டும், டீக்கன் தேர்வு வாக்குச்சீட்டில் நடக்க வேண்டும். உங்களோடு இன்னும் இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது. தனியாகப் போட்டால் ‘அவருக்குப் பிரச்சினை’ என்பார்கள். எருசலேம் சபைக்காகக் காணிக்கை எடுத்துப் போனபோது பவுலே, யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைக் கூட அழைத்துப் போனார் (2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம்). அப்போஸ்தலனுக்கு வேண்டியிருந்த சாட்சி உங்கள் பாஸ்டருக்கு அவமானமா என்ன?

கேள்வி: பாஸ்டரைப் பற்றி எதிராக ஒரு வார்த்தை பேசினாலும் ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்’ என்று வேதம் சொல்கிறது, கோராகுக்கு என்ன ஆனது பார்த்தீர்களா, தாவீது சவுலைத் தொட்டானா என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையாகவே எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வரத்தான் செய்யும், அதற்காகத்தானே சொல்கிறார்கள். சங்கீதம் 105-ஐ எடுத்து 12-ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். கொஞ்சத் தொகையாய், பரதேசிகளாய், ஊர் ஊராகத் திரிந்த ஆபிரகாமின் குடும்பத்தைப் பற்றிய பகுதி அது. ‘தொடாதிருங்கள்’ என்ற எச்சரிக்கை யாருக்கு? ராஜாக்களுக்கு. அதிகாரம் உள்ளவன் நாதியற்றவன் மேல் கை வைக்கக் கூடாது என்று சொன்ன வசனத்தை, அதிகாரம் உள்ளவர் கையில் எடுத்து நாதியற்றவரை மிரட்டுகிறார். அப்படியே தலைகீழ். போதாததற்கு, புதிய ஏற்பாட்டில் அபிஷேகம் விசுவாசிகள் எல்லோருக்கும் உண்டு (1 யோவான் 2:20). அப்படியானால் உங்களைத் தொடுவதற்கு முன் அவரும் யோசிக்க வேண்டும்.

தாவீது கதையை நான் ரொம்ப ரசிப்பேன், ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவைத் தாவீது கொல்லவில்லை, சரி. ஆனால் சவுல் ஈட்டியை எறிந்து அது சுவரில் குத்தி நின்ற அன்றைக்கே தப்பி ஓடிவிட்டான். அமாவாசை விருந்தில் ராஜாவின் பந்தியில் அவன் இடம் காலியாகக் கிடந்தது. பிறகு குகையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, ‘கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிக்கட்டும்’ என்று சவுலின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னான். கை ஓங்கவில்லை, ஆனால் கூடவும் இருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. உங்களை யாரும் ஈட்டி எடுத்து எறியச் சொல்லவில்லை. கணக்கு கேட்பது ஈட்டி எறிவது ஆகாது.

பூமி வாய் திறந்து விழுங்கியதாக வேதம் சொல்லும் கோராகு, மோசேயின் இடத்தைப் பிடிக்கப் பார்த்தவன். நீங்கள் பாஸ்டர் ஆகப் போட்டி போடுகிறீர்களா? இல்லையே. உங்கள் சபைக்குப் பொருத்தமான ஆள் வேண்டுமென்றால் மூன்றாம் யோவானில் ஒருவர் இருக்கிறார், தியோத்திரேப்பு. முதன்மையாயிருக்க விரும்பி, அப்போஸ்தலனையே ஏற்காமல், சகோதரரை ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களைச் சபைக்குப் புறம்பாகத் தள்ளியவர். ஒரே ஒரு அதிகாரம் உள்ள சின்ன நிருபம். அதிலிருந்து உங்கள் சபையில் கடைசியாக எப்போது செய்தி வந்தது?

கேள்வி: எபிரெயர் 13:17 ‘உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள்’ என்று தெளிவாகச் சொல்கிறதே. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வசனத்தை மறுக்கவில்லை. அதே வசனத்தின் அடுத்த பாதி, அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்கிறது. அதே அதிகாரத்தின் 7-ஆம் வசனம், நடத்தினவர்களின் நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்துப் பார்க்கச் சொல்கிறது. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கீழ்ப்படி என்று அர்த்தம். வேதத்தைப் போதிக்கும்போது கேளுங்கள், உங்கள் கல்யாண மாப்பிள்ளையை அவர் முடிவு செய்தால் அது இந்த வசனத்தின் கீழ் வராது. இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1988-ல் சான் அன்டோனியோவில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட்டுகள், ‘எல்லா விசுவாசியும் ஆசாரியனே’ என்ற போதனை பாஸ்டரின் அதிகாரத்தைக் குறைக்காது என்று இதே வசனத்தைக் காட்டித் தீர்மானம் போட்டார்கள். எதிர்த்தவர்கள் ஒரு கூட்டமாக அந்த ஊரிலுள்ள அலமோ கோட்டை வரை நடந்து போய் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்கள்.

கேள்வி: சபை மாற்றக் கடிதம் கேட்டேன். ‘தேவன் உன்னை விடச் சொல்லவில்லை’ என்று தர மறுக்கிறார். கடிதம் இல்லாமல் வேறு சபையில் சேர முடியாதா?

பதில்: முடியும். போகும் சபையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், உங்கள் ஞானஸ்நானத்தையும் விசுவாச அறிக்கையையும் வைத்து ஏற்றுக்கொள்வார்கள். விலகுகிறேன் என்று தேதியோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ‘நாங்கள்தான் நீக்கினோம்’ என்று பேச்சு வந்தால் உதவும். ஹெல்விஸைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அவர் 1612-ல் ஒரு புத்தகம் எழுதி, ராஜாவும் சாகப்போகிற மனிதன்தான், கடவுள் இல்லை, ஜனங்களின் அழியாத ஆத்துமாவின் மேல் அவருக்கு அதிகாரம் கிடையாது என்று முதலாம் ஜேம்ஸ் ராஜாவுக்கே தன் கைப்பட எழுதினார், நியூகேட் சிறைக்குப் போய் அங்கேயே செத்தும் போனார். ராஜாவுக்கே இல்லாத ஒன்று உங்கள் பாஸ்டரின் மேஜை டிராயரில் இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: எனக்கு அந்தச் சபை வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. என் வீட்டுக்காரரோ, பாஸ்டர் சொல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். நான் சொன்னதை எல்லாம் அவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறார், மறுநாள் பாஸ்டரம்மாவிடமிருந்து எனக்குப் போன் வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஞாயிறு பள்ளியில் இருக்கிறார்கள்.

பதில்: உங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பாஸ்டரைப் பற்றிப் பேசாதீர்கள், பேசினால் உங்கள் கணவர் அவருக்கு வக்கீலாகிவிடுவார். வீட்டைப் பற்றிப் பேசுங்கள்: ‘நாம் இரண்டு பேர் பேசியது ஏன் மூன்றாவது வீட்டுக்குப் போகிறது? என்னிடம் கோபம் என்றால் என்னிடம் சொல்லுங்கள்.’ இதில் வேத வியாக்கியானம் எதுவும் இல்லை, அதனால் அவருக்குப் பதில் சொல்லத் தயாரிப்பும் இருக்காது. பாஸ்டரம்மாவின் போனை எடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. எடுத்தாலும், ‘இது எங்கள் குடும்ப விஷயம் அக்கா, நாங்களே பேசிக்கொள்கிறோம்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள், விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் தொலைந்தீர்கள்.

பிள்ளைகளிடம் பாஸ்டரைக் கெட்டவர் என்று சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்: பெரியவர் யார் சொன்னாலும், ‘அம்மா அப்பாவிடம் சொல்லாதே’ என்று சொன்னால் அதை உடனே வந்து சொல்ல வேண்டும். உங்கள் கணவருக்கு நேரம் கொடுங்கள். அவரிடம் பாஸ்டர் கண்டிப்பாக ஒருநாள் கைவைப்பார், கட்டுப்படுத்துகிறவருக்கு விசுவாசமான ஆள்மேல்தான் உரிமை அதிகம். அந்த நாளில் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

கேள்வி: நானும் ஒரு பாப்டிஸ்ட் போதகன்தான். உங்கள் இரண்டு வரி பதிலால் எத்தனை பேருக்குக் கொம்பு முளைத்தது தெரியுமா? என் சபையில் இரண்டு டீக்கன் குடும்பங்கள் வைத்ததுதான் சட்டம். எனக்கு முன் இருந்த மூன்று பேரை விரட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காத செய்தி கொடுத்தால் அடுத்த மாதம் சம்பளம் தாமதமாகும். சர்வாதிகாரம் என்றால் பாஸ்டர்தானா? நாங்கள் மனிதர்கள் இல்லையா?

பதில்: பாஸ்டர், நீங்கள் எழுதியது முழு உண்மை. போதகரை ஆட்டிப்படைக்கும் டீக்கன் குடும்பங்களைப் பற்றியும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன, அவை பெரும்பாலும் போதகரின் மனைவியிடமிருந்து வரும், ராத்திரி எழுதியவை என்று கையெழுத்திலேயே தெரியும். சம்பளத்தைப் பிடித்து வைத்துச் செய்தியைத் திருத்துவது, மேடையிலிருந்து மிரட்டுவதைவிட எந்த விதத்திலும் குறைந்த பாவம் இல்லை.

ஆனால் உங்களுக்கான மருந்தும் அதே மருந்துதான் என்பதைக் கவனியுங்கள். இரண்டு குடும்பம் வைத்ததே சட்டம் என்றால் அங்கேயும் சபை முடிவெடுக்கவில்லை. டீக்கன் பதவிக்குக் காலவரை, வாக்குச்சீட்டு, வெளி ஆள் தணிக்கை, உங்கள் சம்பளம் எந்தத் தேதியில் என்று எழுத்தில் ஒரு ஒப்பந்தம், இவையெல்லாம் உங்களையும் காப்பாற்றும். பல நல்ல போதகர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்: டீக்கன்களின் கொடுமை தாங்காமல், ‘சபைக்கு அதிகாரம் கொடுத்தால் இப்படித்தான்’ என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்து, பத்து வருடம் கழித்து யாரோ ஒரு வாசகி எனக்கு எழுதும் கடிதத்தில் வந்து நிற்கிறார்கள். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. கொம்பு முளைத்தவர்களைப் பற்றி எழுதினீர்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதவில்லையே?

கேள்வி: விலகி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாஸ்டர் போன் செய்து, ‘தப்பு செய்துவிட்டேன், திரும்பி வா’ என்று அழுதார். போகலாமா?

பதில்: மன்னியுங்கள், போகாதீர்கள். சவுலும் இதே வார்த்தையைச் சொன்னான்: ‘நான் பாவஞ்செய்தேன், தாவீதே, திரும்பி வா.’ (1 சாமுவேல் 26) தாவீது அவனுடைய ஈட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். உங்களுக்கு மட்டும் போனில் அழுவது ஒன்று, உங்களைப் பற்றிச் சபை நடுவே சொன்னதைச் சபை நடுவே திரும்பப் பெறுவது வேறு. இரண்டாவது நடந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், என் பதில் மாறலாம்.

கேள்வி: சபையை விட்டாயிற்று, ஆனால் சபை என்னை விடவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் பாஸ்டர் குரல்தான் கேட்கிறது. வேதத்தைத் திறந்தால் அவர் கோடு போடச் சொன்ன வசனங்களே கண்ணில் படுகின்றன. பாட்டுக்கூடப் பாட முடியவில்லை. நான் இழந்தது பாஸ்டரையா, கடவுளையா என்று தெரியவில்லை. விசுவாசம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கடிதத்துக்குச் சீக்கிரமாகப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, உங்களிடம் ஏற்கெனவே நிறையப் பேர் சீக்கிரமாகப் பதில் சொல்லியிருப்பார்கள். ‘மனுஷனைப் பார்க்காதே, தேவனைப் பார்’ என்று கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அத்தனை வருடமும் ‘என் மூலமாகத்தான் தேவன் உன்னோடு பேசுகிறார்’ என்று அந்த மனுஷனைத்தானே பார்க்கச் சொன்னார்கள்? இப்போது ஒரே நாளில் கண்ணைத் திருப்பு என்றால் எங்கே திருப்புவது?

முதலில், உங்களுக்கு ஏற்பட்டிருப்பது ஒரு சாவு வீட்டுத் துக்கம் மாதிரி, யாரும் செத்ததாகச் சொல்லாததால் யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை, அவ்வளவுதான். போனது பாஸ்டர் மட்டும் இல்லை. ஞாயிறு காலை போயிற்று, உங்கள் பிள்ளையைத் தூக்கி வளர்த்த அக்காமார் போனார்கள், கடைத்தெருவில் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறார்கள், நீங்கள் வாலிபர் கூட்டத்தில் பாடிய பாட்டுக்கு வேறு யாரோ கீபோர்டு வாசிக்கிறார்கள். இதற்கு அழ வேண்டும். அழுதால் ‘கசப்பு’ என்று சொல்ல இப்போது பக்கத்தில் யாரும் இல்லை, நன்றாக அழுங்கள்.

அவர் குரல் போக நாளாகும். அவர் கோடு போடச் சொன்ன வசனங்கள் கண்ணில் பட்டால், அந்த வேதாகமத்தை மேலே எடுத்து வைத்துவிட்டுக் கோடு போடாத புதிய பிரதி ஒன்று வாங்குங்கள். வேறு மொழிபெயர்ப்பாக இருந்தால் இன்னும் நல்லது, பழகிய வார்த்தைகள் இருக்காது, அவர் குரலுக்குப் பிடிமானம் கிடைக்காது. மாற்கு சுவிசேஷத்தை ஆரம்பத்திலிருந்து கதை படிப்பது போலப் படியுங்கள், ‘இதிலிருந்து எனக்கு என்ன செய்தி’ என்று தேட வேண்டாம். இயேசு யாரிடம் கோபப்பட்டார், யாரிடம் படவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். ஜெபம் வரவில்லை என்றால் விடுங்கள். சங்கீதக்காரர்கள் தங்களுக்கு வராத நாளில் ‘எதுவரைக்கும் கர்த்தாவே’ என்று முறையிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள், 13-ஆம் சங்கீதம், ஆறே வசனம், அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

புதுச் சபை தேடும் அவசரம் வேண்டாம். ‘சபை கூடிவருதலை விட்டுவிடாதே’ என்ற வசனம் உங்களைக் குத்தும், தெரியும். காயம்பட்டவர் கொஞ்ச காலம் பின்வரிசையில் உட்கார்ந்து, பெயர் பதியாமல், எந்தப் பொறுப்பும் ஏற்காமல், பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து வந்துவிடுவது கூடிவருதலை விட்டது ஆகாது. வாசலிலேயே கையைப் பிடித்து ‘உங்களுக்காகத் தேவன் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்’ என்று அன்றைக்கே குழுவில் சேர்க்கும் சபையை விட்டுத் தள்ளியே இருங்கள். நல்ல கவுன்சிலர் ஒருவரிடம் பேசினால் தப்பில்லை, சபைக்குச் சம்பந்தமில்லாதவராக இருந்தால் நல்லது. வயிறு கலங்குவது, தூக்கம் போவது எல்லாம் விசுவாசக் குறைவு இல்லை, ரொம்ப நாள் பயந்து இருந்த உடம்பு அப்படித்தான் செய்யும்.

விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது, அதை நான் தீர்ப்பு சொன்னால் நானும் அவர் வேலையைத்தான் செய்கிறேன். போனவர்களும் உண்டு, வருடங்கள் கழித்து வேறு மாதிரி திரும்பி வந்தவர்களும் உண்டு. இன்னும் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போய்விட்ட ஒன்றுக்காக ஆட்கள் பொதுவாக அவ்வளவு பயப்படுவதில்லை.

கேள்வி: கட்டட நிதிக்கு ஒரு தொகை தருவதாகச் சபை நடுவே எழுந்து நின்று சொன்னேன், பாதி கொடுத்துவிட்டேன். இப்போது விலகப் போகிறேன். ‘பொருத்தனையைச் செலுத்தாவிட்டால் அனனியா கதிதான்’ என்று ஆள் அனுப்புகிறார். மீதியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: அனனியாவிடம் பேதுரு சொன்னதை அப்படியே படித்துக் காட்டுங்கள்: விற்கும் முன் அது உன்னுடையதாக இருக்கவில்லையா, விற்ற பின்னும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது? (அப்போஸ்தலர் 5:4) அவன் செத்தது குறைவாகக் கொடுத்ததற்காக இல்லை, ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுசும் கொடுத்தேன் என்று பொய் சொன்னதற்காக. நீங்கள் ‘பாதிதான் கொடுத்தேன்’ என்று சத்தமாகவே சொல்கிறீர்கள். வாக்குக் கொடுத்த உறுத்தல் உங்களுக்கே இருந்தால், அது அவர் பயமுறுத்தியதால் வந்ததாக இல்லாமல் நிஜமான உறுத்தலாக இருந்தால், அந்த மீதிப் பணத்தை உங்களுக்குத் தெரிந்த கஷ்டப்படுகிற குடும்பத்துக்குக் கொடுங்கள். அதற்கு முன் இன்னொரு காரியம்: ஏற்கெனவே கொடுத்த பாதிக்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால், ஆள் அடுத்த தடவை வரும்போது அதைக் கேளுங்கள்.